பனி சுமந்த நூல்

முதல் கோடையில், காடெங்கும் நூல் கட்டிய மேல்காட்டார் கீழே இருந்த பள்ளக்காட்டை மறந்தார்கள். இரண்டாம் கோடையில், மறந்ததை நினைவூட்டப் போன உடும்பைக் காட்டெருமை முட்டித் துரத்தியது. மூன்றாம் கோடையில், ஒரே ஒரு நூலை இழுத்துவந்து பள்ளத்தின் விளிம்பு மூங்கிலில் கட்டிவிட்டு, எல்லாருக்கும் கொடுத்தாயிற்று என்று அறிவித்தார்கள். நான்காம் கோடையில், அந்த நூல் இருந்தும், நாச்சி என்ற சருகுமானின் குட்டி தும்பை தாகத்தில் செத்தது.

இந்த வரிசையைக் கிழட்டு ஆட்காட்டிக் குருவி மனப்பாடமாக வைத்திருந்தது. கேட்டவர்களுக்கும் சொல்லும், கேட்காதவர்களுக்கு இன்னும் உரக்கச் சொல்லும்.

அது சாதாரண நூல் அல்ல. மலைச்சிலந்திகள் மரத்துக்கு மரம் கட்டிய பொன்னிற நூல். ஒரு முனையில் தட்டினால் அதிர்வு காடு முழுக்க ஓடும். எங்கே அத்தி பழுத்தது, எந்த ஓடையில் புலி நிற்கிறது, எந்தப் பக்கம் மழை இறங்குகிறது, எல்லாம் அதில் வரும். மேல்காட்டில் மரத்துக்கு மரம் நூல். அங்கே கருமந்திகள் கிளையில் படுத்தபடியே உலகத்தை அறிந்தன.

ஊற்றுத் தண்ணீருக்கும் அதுதான் வழி. கோடையின் முதல் நாள், விடிந்ததிலிருந்து வெயில் ஊற்றுப் பாறையைத் தொடும்வரை, அவரவர் பெயரை நூலில் தட்ட வேண்டும். ஊற்றருகே மூத்த சிலந்தி அதிர்வைக் கேட்டுச் சொல்லும். கூடியிருக்கும் விலங்குகள் முன் இருவாச்சிப் பறவை அந்தப் பெயரை வாசிக்கும். வாசித்த பெயருக்குத்தான் கோடை முழுக்கத் தண்ணீர். மற்றவர்களைக் காட்டெருமை பாதையிலேயே திருப்பி அனுப்பும்.

பள்ளக்காட்டுப் பெயர் ஒன்றுகூட வாசிக்கப்பட்டதில்லை.

"நூல்தான் வந்தாச்சே. தட்டத் தெரியலேன்னா அதுக்கு நாங்களா பொறுப்பு?" என்று கருமந்தி சிரித்தது.

கொடுமை என்னவென்றால், பள்ளக்காடும் அதை நம்பியது. ஒரு வருடம் முழுக்கத் தட்டிப் பழகினார்கள். முள்ளம்பன்றி மென்மையாகத் தட்டக் கற்றது. ஆமை விரைவாகத் தட்டக் கற்றது. வயிற்றில் அடுத்த குட்டியைச் சுமந்த நாச்சி, காய்ந்த கொடி ஒன்றில் குளம்பு நோகத் தட்டியது.

கோடைக்கு ஐந்து நாள் இருக்கும்போது, காலையில் மூங்கிலடியில் நின்ற ஆட்காட்டியின் தலையில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தது. பள்ளத்தில் மூடுபனி விலக உச்சிவேளை ஆகும். அதுவரை அந்த நீண்ட ஒற்றை நூல் பனித்துளிகளின் பாரத்தில் தொய்ந்து கிடந்தது. தொய்ந்த நூலில் எந்தத் தட்டலும் ஓடாது; பனி விலகும் முன்பே மேலே ஊற்றுப் பாறையை வெயில் தொட்டுவிடும்.

ஆட்காட்டி நாச்சியிடம் ஓடியது. "நீ தட்டினதுல தப்பே இல்ல, தாயி. நூல்லதான் கோளாறு."

நாச்சி தட்டிக்கொண்டிருந்த கொடியிலிருந்து குளம்பை எடுத்தது. பிறகு கேட்டது: "அப்ப போன வருஷமும் நான் சரியாத்தான் தட்டினேனா?"

ஆட்காட்டி அப்போதே மேல்காட்டுக்குப் பறந்தது.

நூல் தொய்வதை அங்கே முறையிட்டதற்கு, அடுத்த கோடையில் பார்க்கலாம் என்றார்கள். ஆட்காட்டி திரும்பிவந்து, பள்ளத்துப் புதர்களில் குடியிருந்த பொடிச் சிலந்திகளிடம் நின்றது.

"எங்களை இதுவரைக்கும் யாரும் கேக்கலையேக்கா. எங்களுக்குப் பொன் நூல் வராது. வெறும் வெள்ளை நூல்தான்," என்றது ஒரு சிலந்தி.

"அதிர்வு ஓடுமா?"

"கிட்டக் கிட்டக் கட்டினா ஓடும். குட்டை நூல் தொய்யாது."

முள்ளம்பன்றி உதிர்த்த முட்களை எல்லாரும் புதர்களிலிருந்து மூங்கில்வரை சாணுக்கு ஒன்றாக ஊன்றினார்கள். ஆயிரம் சிலந்திகள் முள்ளுக்கு முள் நூல் கட்டின. மூங்கிலிலிருந்து மேல்காடுவரை தொய்ந்து கிடந்த பொன் நூலையும் வழி நெடுகக் கம்பு நட்டுத் தாங்கி இழுத்துக் கட்டினார்கள். ஐந்தாம் நாள் மாலை வேலை முடிந்தது.

கோடையின் முதல் நாள் விடிந்தது. மூடுபனி வழக்கம்போல வந்தது. ஒவ்வொரு நூலிலும் பனித்துளி உட்கார்ந்தது. ஒரு நூலும் தொய்யவில்லை. முதல் வெளிச்சம் பனிக்குள் கசிந்தபோது பள்ளக்காடு முழுவதும் சுடர்விட்டது. மேலிருந்து பார்த்த கருமந்தி, சொல்ல வந்த கேலியை மறந்து வாய் பிளந்து நின்றது.

நாச்சி நூலில் குளம்பை வைத்தது. சிகரத்துக் காற்று, தூரத்து அருவி, ஆயிரம் உயிர்களின் அசைவு, அத்தனையும் அந்தச் சின்னக் குளம்பில் வந்து இறங்கின.

"நம்ம காடு இவ்வளவு பெருசா!"

பிறகு தட்டியது.

ஊற்றருகே மூத்த சிலந்தி அசையாமல் நின்றது. பள்ளத்திலிருந்து வருகிறது என்று அது சொன்னதை இருவாச்சி நம்பாமல் இரண்டு முறை கேட்டது. பிறகு வாசித்தது: "பள்ளக்காடு. சருகுமான். நாச்சி."

காட்டெருமை பாதையை விட்டு விலகியது. அடுத்து ஆமையின் பெயர் வந்தது, முள்ளம்பன்றியின் பெயர் வந்தது, வந்துகொண்டே இருந்தது. வெயில் பாறையைத் தொட விரற்கடை தூரம் இருந்தபோது, நாச்சியிடமிருந்து இன்னொரு பெயர் வந்தது. மூத்த சிலந்தி அதைத் தாழ்ந்த குரலில் சொன்னது: "இது போன கோடையிலே தட்டின பெயராம். இதுக்குத் தண்ணி வேண்டாமாம். எல்லாரும் கேக்க வாசிச்சா போதுமாம்."

காடு முழுவதும் எழுந்து நின்றது. இருவாச்சி வாசித்தது:

"தும்பை."

கடைக்கோடியில் இருப்பவரின் குரலும் வந்து சேராதவரை, எல்லாருக்கும் கொடுத்துவிட்டோம் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை.