பங்குக்கு வந்த பட்டாள ஜீப்பு

“இந்தத் துருப்பிடிச்ச சனியன் வாசல்ல நின்னா நான் நிக்க மாட்டேன். நான் நிக்கணும்னா இது நிக்கக் கூடாது. எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க!”

இப்படிக் கத்திட்டு நின்னாரு ஒரு ஊர்ல ஒரு மனுஷன். என்ன முழிக்கிற? ராஜா ராணியெல்லாம் நேத்தோட தீர்ந்தாச்சு. இன்னைக்கு ஜீப்புக் கதைதான். காலை உள்ள இழு, போர்வை அத்தைக்கும் வேணும். நடுநடுவுல ‘ம்’ சொல்லணும். சொல்லலேன்னா நான் எழுந்து போயிடுவேன், எனக்கு ஆயிரம் வேலை கெடக்கு.

ம். அப்படி வா வழிக்கு.

அந்த ஊரு சேலம். ஏற்காட்டு மலை அடிவாரத்துல வீடு. கத்தினவரு பேரு பங்கிராஸ். ஆபீஸ்ல சூப்பரிண்டெண்டா இருந்து ரிட்டயர் ஆனவரு, அதனால வீட்டுக் கரண்டிகூடத் தன் கையெழுத்து இல்லாம நகரக் கூடாதுன்னு ஒரு நெனப்பு. அவரு கத்தினது அவரு சம்சாரம் ஜெசிந்தாவைப் பார்த்து. அவ மத்தி மீன் கழுவிட்டிருந்தா. தலையைக்கூட நிமிர்த்தல.

“முடிவு இப்பவே வேணுமா, இல்ல மீன் கழுவினதும் போதுமா?”ன்னு கேட்டா.

அந்தச் சனியன் எதுன்னு கேளு. அது ஒரு பட்டாள ஜீப்பு. உலகச் சண்டை நடந்தப்போ பர்மாக் காட்டுல, சேத்துலயும் ஆத்துலயும் ‘தடதடதட’ன்னு ஓடின வண்டி. சண்டை முடிஞ்சதும் பட்டாளத்துக்காரங்க ஏலம் விட்டாங்க. ஜெசிந்தாவோட தாத்தா அதை எடுத்து ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குக் கொண்டுபோனாரு. அப்புறம் அவ அப்பா ஓட்டினாரு. அப்புறம் ஒரு நாள் அது மாட்டுக் கொட்டாயில நின்னுச்சு, நின்னது நின்னதுதான். சீட்டுல கோழி முட்டை போட்டுச்சு. பானெட்டு மேல வரட்டி காயப்போட்டாங்க.

அப்பா காலமானதும் அண்ணன்மாரு ரெண்டு பேரும் பாகம் பிரிச்சாங்க. பெரியவருக்குத் தோட்டம். சின்னவருக்கு பங்களா. ஜெசிந்தாவுக்கு?

“ஜெசிக்கு ஜீப்பு. அப்பா பக்கத்துல முன்சீட்டுக்கு அடிச்சுக்குவியே, இப்ப ரெண்டு சீட்டையும் நீயே வெச்சுக்க”ன்னு பெரியண்ணன் சொல்லிட்டு, தம்பியைப் பார்த்துச் சிரிச்சாரு.

அவ அழுவா, இல்லேன்னா சண்டைக்கு வருவான்னு பார்த்தாங்க. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: “சாவி எங்க?”

சாவியே கிடையாது அதுக்கு! குண்டு விழுற எடத்துல எவன் சாவியைத் தேடிட்டிருப்பான்? சுவிட்சைத் திருப்பணும், தரையில இருக்கிற குமிழைக் காலால மிதிக்கணும், அவ்வளவுதான். ஜெசிந்தா லாரி பிடிச்சு வண்டியைக் கோழிக்கூட்டோட ஏத்திட்டு வந்து வாசல்ல இறக்கிட்டா. அதுக்குத்தான் அந்தக் கத்தல்.

மீன் கழுவி முடிச்சு, கையைத் துடைச்சுட்டு வந்து சொன்னா. “இங்க பாருங்க. இது கேலிக்குக் கொடுத்த பங்கு. எடைக்குப் போட்டா அந்தக் கேலி நிஜமாயிடும். மே மாசம் ஏற்காட்டுல பழைய வண்டி ஊர்வலம் இருக்கு. இது கீழேருந்து தன் கால்ல மலையேறி, ஏரிக்கரையில போய் நிக்கும். வழியில எவனாவது தள்ளினாலோ, கயிறு கட்டி இழுத்தாலோ, அங்கேயே இரும்புக்கடைக்கு ஏத்திவிட்டுடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“நீ? வாயைத் திறக்க மாட்ட?”ன்னாரு பங்கிராஸ். அதுக்காகவே உடனே ஒத்துக்கிட்டாரு.

ம் எங்க? ம்.

அப்புறம் வேலை ஆரம்பிச்சுது. மொதல்ல சக்கரத்தைக் கழட்டணும். மெக்கானிக் சத்தார் ஸ்பேனரை எடுத்ததும் பங்கிராஸ் பிடுங்கிட்டாரு. “நட்டு கழட்டத் தெரியாதவன் எவன்யா இருக்கான்?” வலது பக்கம் சுலபமா வந்துச்சு. இடது பக்கம் அசையல. முக்கினாரு, முனகினாரு. ஸ்பேனர் மேல ஏறி நின்னாரு. நின்னு குதிச்சாரு பாரு... டங்க்! போல்ட்டு முறிஞ்சு இவரு பப்பாளி மரத்தடியில உக்காந்திருந்தாரு.

ஜெசிந்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு மீதி போல்ட்டுங்களைப் பார்த்தா. ஒவ்வொண்ணு முனையிலயும் பொடிசா ஒரு எழுத்து குத்தியிருந்துச்சு, இடதுங்கறதுக்கு இங்கிலீஷ்ல மொத எழுத்து. “ஏங்க, இந்தப் பக்கம் மரை தலைகீழு. ஓடுற வேகத்துல நட்டு தானாக் கழண்டுக்கக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கான். இவ்வளவு நேரமும் நீங்க கழட்டல, இறுக்கிட்டிருந்தீங்க.”

“அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“ஸ்பேனரைப் பிடுங்கும்போது கேட்டீங்களா?”

சத்தார் திரும்பி நின்னுக்கிட்டு, இருமுற மாதிரி சிரிச்சாரு.

அப்புறம் சத்தார் எஞ்சினைப் பிரிச்சாரு. ஜெசிந்தா உப்புத்தாளை எடுத்துக்கிட்டு வண்டி உடம்பைத் தேய்ச்சா. சமையல் முடிச்சுட்டு வந்து தேய்ப்பா. துணி காயப்போட்டுட்டு வந்து தேய்ப்பா. சர்ரக் சர்ரக், சர்ரக் சர்ரக். மேல தோட்டத்து நீலப் பெயிண்டு. அதுக்குக் கீழ செவப்பு. அதுக்கும் கீழ மங்கலா ஒரு பச்சை. அந்தப் பச்சையில, வரட்டி காஞ்ச அதே பானெட்டுல, தேய்க்கத் தேய்க்க ஒரு வெள்ளை முனை எட்டிப் பார்த்துச்சு. அப்புறம் இன்னொரு முனை. கடைசியில ஒரு முழு நட்சத்திரம்! பட்டாளத்து நட்சத்திரம், தாத்தா காலத்துக்கும் முந்தினது. ஜெசிந்தா உப்புத்தாளைக் கீழ போட்டுட்டு, முந்தானையால அதை ஒரு தடவை துடைச்சா. பெயிண்டு அடிக்க வந்தவன் “பளபளன்னு அடிச்சுடலாம்மா”ன்னான். “பளபளன்னு இருந்தா எதிரி சுட்டுடுவான். மங்கலா அடி”ன்னு ஒரே அதட்டு.

ஒரு நாள் சத்தார் “மிதிங்கக்கா”ன்னாரு. மிதிச்சா. குர்... குர்... குர்... டப்! கோழிக்கூட்டு வைக்கோலெல்லாம் புகைக்குழாய் வழியாப் பறந்துச்சு. அப்புறம் தடதடதடன்னு பிடிச்சுக்கிச்சு பாரு, எதிர்வீட்டு நாய் ஓடினது ஓடினதுதான்.

ம்? கண்ணு சொக்குதா? மலை ஏறினப்புறம் சொக்கு.

ஊர்வல நாள் வந்துச்சு. ஜெசிந்தா தலையைப் பின்னி, புடவையை இழுத்துச் சொருகி, ஸ்டீயரிங்கைப் பிடிச்சா. பின்னாடி ஒரு கேன் தண்ணி, ஒரு தூக்கு நீர்மோர். பங்கிராஸும் ஏறினாரு. எதுக்கு? எவனாவது தள்ளுறானான்னு கண்காணிக்க. புத்தம்புது வெள்ளைச் சட்டை வேற, மேல எல்லாரும் பார்ப்பாங்கல்ல. அவங்களுக்குப் பின்னாடி யாரு வந்தா தெரியுமா? இரும்புக்கடை முத்துக்கருப்பன், குட்டி லாரியில, சுருட்டி வெச்ச கயிறோட. பங்கிராஸ்தான் வரச் சொல்லியிருந்தாரு.

இந்த ஜீப்புக்கு ஸ்டீயரிங் இடது பக்கம். அதனால பங்கிராஸ் வலது பக்கம், நம்ம டிரைவர் உக்கார்ற எடத்துல, கையில பிடிக்க ஒண்ணுமில்லாம உக்காந்திருந்தாரு. கதவும் கிடையாது. எதிர்ல வர்ற பஸ்ஸெல்லாம் அவரு மடியிலயே உக்கார்ற மாதிரி வந்துச்சு. “ஏசுவே!”ன்னு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வெறும் தரையை மிதிச்சாரு.

“அங்க பிரேக் இல்ல. தகரம் ஓட்டையாயிடும், சும்மா வாங்க”ன்னா ஜெசிந்தா.

மொத சோதனை கொண்டை ஊசி வளைவுல வந்துச்சு. வண்டி திணறுது, மொத கியருக்கு இறங்கணும். போட்டா கர்ர்ர்ர்! போக மாட்டேங்குது. பட்டாள வண்டி கியரு, ஓடும்போது லேசுல வழிக்கு வராது. பின்னாடி முத்துக்கருப்பன் ஹாரன் அடிக்கிறான், பாம் பாம். “நிறுத்திப் போடு, நிறுத்திப் போடு!”ங்கறாரு பங்கிராஸ். நிறுத்தினா வண்டி பின்னால உருளும். ஜெசிந்தா கான்வென்ட்டுல படிச்சப்போ சேப்பல்ல மிதி ஆர்கன் வாசிச்சவ. கை ஒரு பக்கம், காலு ஒரு பக்கம், தாளம் தப்பினா சிஸ்டர் ஸ்கேலால முட்டியில போடுவாங்க. இப்போ அந்தப் பழைய தாளத்தைக் காலுக்குக் கொண்டுவந்தா. கிளட்ச்சை மிதி, கியரை நடுவுல விடு. காலை எடு, எஞ்சினை உறும விடு. திரும்ப மிதி, தள்ளு. க்ளக்! கர்ர்ருங்கற சத்தமே இல்லாம கியரு உக்காந்துச்சு. வண்டி உறுமிக்கிட்டு வளைவை ஏறிடுச்சு.

அப்புறம் ரெண்டாவது சோதனை. பாதி மலையில முன்னாடி புஸ்ஸ்ஸ்னு ஆவி. தண்ணி கொதிக்குது. ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தானே இறங்கிச் சக்கரத்துக்குக் கல்லு வெச்சா. பங்கிராஸ் கல்லெடுக்கக் குனிஞ்சப்போ, “தொடாதீங்க. அப்புறம் ஆட்டம் செல்லாதும்பீங்க”ன்னுட்டா. ஆறவிட்டு, மூடியைத் துணியால பிடிச்சுத் திறந்து, கேன் தண்ணி மொத்தத்தையும் ஊத்தினா. க்ளக் க்ளக் க்ளக்னு குடிச்சுது. குமிழை மிதிச்சா. தடதடதட.

ம்... சொல்லுடி. மூணாவதுதான் பெருசு.

உச்சி தெரியுது. வெயிலு மண்டையைப் பொளக்குது. அப்போ டுப்... டுப்... டுப்புன்னு மூணு விக்கல். வண்டி நின்னுடுச்சு. மிதிச்சா வெறும் குர்ரு, பிடிக்கவே இல்ல. திரும்பவும் கல்லை வெச்சுட்டுப் பானெட்டைத் திறந்தா, பெட்ரோல் பம்ப்பு அடுப்பு மாதிரி கொதிக்குது. உள்ள பெட்ரோல் ஆவியாப் போயிருக்கு, எஞ்சினுக்கு வரல. ஈரத்துணி போட்டுக் குளிர வைக்கணும். தண்ணி? கேன் காலி. அந்த வளைவுல ஒரு கடையும் இல்ல, குழாயும் இல்ல.

அதுக்குள்ள முத்துக்கருப்பன் இறங்கி வந்துட்டான். கயித்தை உதறி, முன்பக்கக் கொக்கியில மாட்டக் குனிஞ்சான். “அவ்வளவுதாங்க சார். கட்டிடலாமா? பாவம் அம்மாவும் எவ்வளவுதான் முட்டுவாங்க.”

ஜெசிந்தா வாயைத் திறக்கல. சொன்ன சொல்லு இருக்கே. சேலையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு அந்த நட்சத்திரத்தையே பார்த்துட்டு நின்னா.

அப்போ பங்கிராஸ் பாய்ஞ்சு வந்தாரு. “எடுய்யா கையை! என் வண்டியில கயிறு மாட்ட நீ யாருய்யா?”

ஜெசிந்தா மெதுவாத் திரும்பினா. “யாரு வண்டி?”

பங்கிராஸுக்குக் காது செவந்துடுச்சு. “சரி சரி. உன் வண்டி. இப்ப என்ன வேணும், அதைச் சொல்லு.”

“துணி வேணும். நல்லா உறிஞ்சுற துணி.” அவ கண்ணு அந்த வெள்ளைச் சட்டை மேல போச்சு.

“ஐயோ, புதுசு ஜெசி...”

“அதான் உறிஞ்சும். கழட்டுங்க.”

சூப்பரிண்டெண்ட் பங்கிராஸ், நடு ரோட்டுல, போற வர்ற பஸ்ஸு பார்க்க, சட்டையைக் கழட்டிக் கொடுத்தாரு. ஜெசிந்தா அதைத் தூக்குல முக்கினா. ஆமா, நீர்மோர்லதான்! கறிவேப்பிலை, கொத்தமல்லி, இஞ்சியோட எடுத்து, பம்ப்பைச் சுத்திப் பத்துப் போட்ட மாதிரி கட்டினா. ஸ்ஸ்ஸ்ஸ்... தாளிச்ச வாசனை மலை முழுக்க. காத்திருந்தா. மீதி மோரையும் ஊத்தினா. முத்துக்கருப்பன் கயித்தோட நிக்கிறான், போகல. ஏறி உக்காந்து, குமிழை மிதிச்சா.

குர்... குர்... குர்...

டப்! தடதடதடதட!

பங்கிராஸ் பனியனோட தாவி ஏறினாரு. முத்துக்கருப்பன் கயித்தைச் சுருட்டி அக்குள்ள வெச்சுக்கிட்டு, “போங்கம்மா, போங்க! நான் பின்னாடி சும்மாதான் வர்றேன், பார்க்க!”ன்னு கத்தினான்.

ஏரிக்கரையில வண்டிங்கெல்லாம் வரிசையா, மெழுகு தேச்சு, மினுக்கிக்கிட்டு நின்னுச்சுங்க. பாதி வண்டி லாரியில ஏறி வந்ததுங்க. அதுங்களுக்கு நடுவுல, மங்கின பச்சையில, நட்சத்திரத்தோட, மோர் சொட்டச் சொட்ட, பனியன் போட்ட மனுஷனை ஏத்திக்கிட்டு ஜெசிந்தாவோட ஜீப்பு தன் கால்ல உறுமிக்கிட்டு வந்து நின்னுச்சு. ஜனங்க வழி விட்டாங்க. அப்புறம் கைதட்டினாங்க. அப்புறம் விசிலடிச்சாங்க.

அண்ணன்மாரு ரெண்டு பேரும் முன்வரிசையில உக்காந்திருந்தாங்க. பெரியண்ணன் எழுந்து வந்து, நட்சத்திரத்து மேல கை வெச்சு, “அட, இது நம்ம வண்டியாச்சே!”ன்னாரு.

ஜெசிந்தா எஞ்சினை அணைக்காமலே சொன்னா. “நம்ம வண்டி இல்லண்ணா. என் பங்கு.”

பெரியண்ணன் கையை எடுத்துட்டாரு.

அவ்வளவுதான். வண்டி மேல ஏறியாச்சு, கதையையும் ஓரங்கட்டியாச்சு. கண்ணை மூடு, தூங்கு.

என்னது? அதுக்கப்புறம் பங்கிராஸ் ஒண்ணுமே சொல்லலையா? அவராவது சொல்லாம இருக்கறதாவது. ஜனங்கெல்லாம் ஜீப்போட நின்னு போட்டோ பிடிச்சு முடிக்கிற வரைக்கும் பொறுத்தாரு. அப்புறம் பனியனைக் கீழ இழுத்துவிட்டுக்கிட்டு, ஸ்டீயரிங் பக்கமா வந்து நின்னாரு. தொண்டையைக் கனைச்சாரு. குரலை ரொம்பத் தாழ்த்திக்கிட்டுக் கேட்டாரு:

“இறங்கும்போதாவது ஒரு வளைவுக்கு என்கிட்ட கொடேன், ஜெசி... ஒரே ஒரு வளைவு... ஏம்மா ஜெசி?”