கடைமடை தூக்காத கை

ஒரு ஏரி இருந்தது. அதை வெட்டிய நாளிலேயே வயல்களெல்லாம் கூடி ஒரு பேச்சு பேசி வைத்திருந்தன. தண்ணீர் எல்லோருக்கும், அளவுக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது, ஏரி உட்பட. கரையில் எதை மாற்றுவதானாலும் கூடிப் பேசி, எல்லா வயலும் கை தூக்கினால்தான் மாற்ற வேண்டும். வயலுக்கு ஏது கை என்று கேட்காதீர்கள். அன்று ஏரியும் தலையாட்டித்தான் இருந்தது.

அளவைக் காக்கக் கரையோரத்தில் கலிங்கு உட்கார்ந்தது. ஏரி நிறைந்தபின் வருகிற தண்ணீரை வெளியே அனுப்புவது அதன் வேலை.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. கோடியில் கிடந்த கடைமடை வயலுக்கு மட்டும் தண்ணீர் வந்து சேரவில்லை. முன்னால் இருந்த வயல்கள் குடித்து ஏப்பம் விட்டபின் அதற்கு வாய்க்காலின் ஈரம்தான் மிச்சம்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கடைமடை ஒருநாள் கூட்டத்தில் எழுந்தது. "கரையில எனக்குன்னு தனி மதகு வேணும்."

கரைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னை வெட்டுறதா? வச்சது வச்சபடிதான் இருக்கணும். ஒரு கூடை மண்ணுகூட அசையாது!"

"அண்ணே, தண்ணி எல்லாருக்கும்னுதானே பேச்சு?" என்றது கலிங்கு. "அது நடக்கலைன்னா வெட்டித்தான் ஆகணும்."

முணுமுணுத்துக்கொண்டே கைகள் உயர்ந்தன. மதகு வந்தது. கடைமடை முதன்முதலாகப் பச்சை பிடித்தது.

அடுத்த மழையில் ஏரி நிறைந்தது. நிறைந்ததும் அதற்குத் தலைகால் புரியவில்லை. கூட்டத்தைக் கூட்டியது.

"கலிங்கு வழியா எவ்வளவு வீணாப் போகுது பாருங்க. அதை அடைச்சிடுங்க. யாருக்கு எவ்வளவுன்னு இனிமே நானே பாத்துக்கிறேன். அடிக்கடி கூடிப் பேசுற தொல்லையும் உங்களுக்கு வேணாம்."

முன்வயல்கள் கை தூக்கின. ஒரே ஒரு கைதான் குறைந்தது. ஏரி கடைமடையிடம் குழைந்தது. "கண்ணு, உனக்கு இன்னொரு மதகு தர்றேன். தூக்கு."

கடைமடைக்கு ஆசை இல்லாமல் இல்லை. வெடித்துக் கிடந்த நாட்கள் மறக்குமா? கை பாதிவரை எழுந்துவிட்டது. கலிங்கைத் திரும்பிப் பார்த்தது. கலிங்கு கெஞ்சவில்லை, தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏரியம்மா, ஒண்ணு கேக்குறேன். கலிங்கை அடைச்சு, கூட்டமும் நின்னப்புறம் என் மதகை நீங்க மூடிட்டா, நான் எங்கே வந்து கேக்குறது?"

ஏரியின் முகம் மாறியது. "என்னைக் கேக்க நீ யாரு?"

அலை ஓங்கி மோதியது. மண் அசையக் கூடாது என்று கத்திய அதே கரை இப்போது நடுங்கியது. "விட்டுடாதே தங்கச்சி. கலிங்கை அடைச்சா நான் உடைஞ்சிடுவேன், எல்லா வயலும் போயிடும்."

கடைமடை கையை இறக்கியது.

"அன்னைக்குக் கரையையே வெட்டச் சொன்னவதானே நீ?" என்று சீறியது ஏரி. "இன்னைக்கு மட்டும் மாத்தக் கூடாதா?"

"மாத்தலாம். நாளைக்கும் வந்து மாத்தச் சொல்வேன்," என்றது கடைமடை. "அப்படிச் சொல்ல எனக்கு ஒரு கூட்டம் வேணும். கலிங்கு போனா அதுவும் போயிடும், அதனாலதான் கலிங்கைத் தொடாதீங்கங்கிறேன்."