மஞ்சள் சட்டை

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிக் கொடுத்துட்டேன். ஒருத்தனும் கோல் அடிக்க மாட்டேங்கறான்," என்றான் அல்போன்ஸ்.

கருணாகரன் கோல் வலையின் கிழிசலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

அல்போன்ஸ் யார் என்று வடசென்னையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவிடலாம். பல வருடம் பெரிய ஸ்ட்ரைக்கராக இருந்தவன். பந்து அவன் காலுக்கு வந்துவிட்டால் எதிரணி கோல்கீப்பர் சாமி கும்பிடுவார். அப்படி அதிகம் கும்பிட்டவர் கருணாகரன்தான்.

இப்போது இருவரும் ஒரே கிளப்பில். அல்போன்ஸ் கோச். கருணாகரன் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்.

மறுநாள் லீக்கின் கடைசி ஆட்டம். ஜெயித்தால் அணி முதல் டிவிஷனில் நீடிக்கும். டிரா செய்தாலும் கீழே இறங்க வேண்டியதுதான். அணி இறங்கினால் அல்போன்ஸ் வீட்டுக்குப் போகலாம். கிளப் செயலாளர் இதை டீ வாங்கிக் கொடுத்து அன்பாகவே சொல்லியிருந்தார்.

"நாளைக்குத் தோத்தா, இவனுக்கு ஆடத்தான் தெரியும், ஆட வைக்கத் தெரியாதுன்னு ஊரே பேசும்."

"பேசட்டும்."

"எனக்கு வலிக்கும்ணா."

கருணாகரன் கயிற்றைக் கீழே வைத்தார்.

"ஃபைனல்ல என்கிட்ட ஒரு கோல் அடிச்சியே, ஞாபகம் கீதா?"

"எந்த ஃபைனல்?"

"ரொம்ப அலட்டாத. மழையில ஆடினோமே, அது."

"அதை மறப்பேனா?"

"அன்னிக்கி உங்க கோச் இன்னா கலர் சட்டை போட்டிருந்தாரு?"

"வெள்ளை. அவரு எப்பவும் வெள்ளைதான்."

"பச்சை. கட்டம் போட்ட பச்சை. பந்து வலைக்குள்ள போயிடுச்சு, எனக்கு இன்னா வேலை? சும்மா நின்னு அவரைத்தான் பாத்துட்டிருந்தேன்."

"அதுக்கு இன்னா இப்போ?"

கருணாகரன் மறுபடியும் கயிற்றை எடுத்துக்கொண்டார்.

அல்போன்ஸுக்குக் கோபம் வந்தது. வேலை போகப்போகிறது, இந்த மனுஷன் சட்டையைப் பற்றிப் பேசுகிறார். இருந்தாலும் சட்டை விஷயத்தில் அவனுக்கும் ஒரு பெருமை உண்டு.

"நானும் யோசிச்சுத்தான் சட்டை போடறேன். ஆட்டத்தன்னிக்கும் சரி, பிராக்டீஸுக்கும் சரி, மஞ்சள்தான். கிரவுண்டுல எந்த மூலையில இருந்தாலும் பசங்களுக்கு நான் தெரியணும். கை காட்டினா புரியணும்."

"கழட்டு அதை."

"இன்னாது?"

"கழட்டி எங்கிட்ட குடு. நீ கிளவுஸ் மாட்டிக்கிட்டு கோல்ல நில்லு."

"நானா? வாழ்க்கையில ஒரு நாள் நின்னதில்லண்ணா."

"அதனாலதான் சொல்றேன்."

கருணாகரன் மஞ்சள் சட்டையை மாட்டிக்கொண்டு கோட்டோரம் போய் நின்றார். தொப்பைக்கு மேல் பொத்தான் ஏறவில்லை. அல்போன்ஸ் பனியனோடு கோலில் நின்றான். அணியின் ஸ்ட்ரைக்கர் ரூபனைக் கூப்பிட்டுப் பந்தைக் கொடுத்தார்கள்.

ரூபன் வேகமாக வந்தான். அழகாகத்தான் வந்தான். வலது பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது. நான் காலி என்று நினைத்தான் அல்போன்ஸ்.

உதைக்கும் முன் ரூபனின் கண் ஒரு நொடி கோட்டோரம் போய் வந்தது.

பந்து நேராக அல்போன்ஸின் கைக்கு வந்தது.

"இன்னொண்ணு," என்றார் கருணாகரன்.

மறுபடியும் வந்தான். மறுபடியும் கண் ஓரத்துக்குப் போனது. அங்கே நிற்பது கோச் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் கண் மஞ்சளைத் தேடிப் போனது. கோலே காக்கத் தெரியாதவன் அந்தப் பந்தையும் பிடித்தான்.

அடுத்த பந்தையும் பிடித்துவிட்டு, அல்போன்ஸ் கோட்டோரம் தெரிந்த மஞ்சளைப் பார்த்தான். பிறகு கிளவுஸைக் கழற்றினான். சட்டையைத் திரும்ப வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தான். பனியனோடே வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனான்.

மறுநாள் அவன் ஒரு சாம்பல் நிறச் சட்டையில் வந்து, மாற்று ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்தான். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். கோட்டோரம் யாரும் நிற்கவில்லை.

"அல்போன்ஸு, இன்னாபா தூங்கிட்டியா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை.

முதல் பாதியில் ரூபன் பந்தோடு போகும்போதெல்லாம் தலையைத் திருப்பினான். அங்கே ஆள் இல்லை. பந்து பறிபோனது. அல்போன்ஸின் நாக்கு நுனிவரை வார்த்தை வந்தது. விழுங்கிக்கொண்டான். ஆடின காலத்தில் மூட்டு பிசகியபோதுகூட அவன் அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

இடைவேளையில் அவன் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொருவனுக்கும் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ரூபன் வாங்கிக் குடித்தான். பார்வை எதிரணி கோலின் மேலேயே இருந்தது. குடித்த பாட்டிலை நிமிர்ந்து பார்க்காமலே அல்போன்ஸின் கையில் திணித்துவிட்டு ஓடினான்.

ஆட்டம் முடியும் நேரம். இன்னும் கோல் விழவில்லை. செயலாளர் எழுந்து பெஞ்சுக்கு வந்தார்.

"ஏதாவது சொல்லுப்பா அவங்களுக்கு."

"சொல்லிட்டேன் சார்."

"எப்போ?"

அப்போது நடுவிலிருந்து ஒரு பந்து ரூபனுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான். ரூபனின் தலை திரும்பவில்லை. கீப்பர் இடது பக்கம் சாயும்வரை பொறுத்திருந்து, வலது பக்கம் மெதுவாகத் தட்டிவிட்டான். பந்து அவசரமில்லாமல் உருண்டு உள்ளே போனது.

கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடியது. அல்போன்ஸ் கையைத் தொடையடியிலிருந்து எடுக்க மறந்து உட்கார்ந்திருந்தான். கண் கலங்கியிருந்தது.

விசில் ஊதியதும் ரூபனைத் தோளில் தூக்கிச் சுற்றினார்கள். அவன் இறங்கி வந்தபோது கருணாகரன் வழிமறித்தார். அல்போன்ஸ் ரூபனுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான்.

"ரூபன், உங்க கோச் இன்னிக்கி இன்னா கலர் சட்டை?"

ரூபன் பின்னால் திரும்ப முயன்றான். கருணாகரன் அவன் தோள்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"திரும்பாம சொல்லு."

"இதுல இன்னாண்ணா கேள்வி? மஞ்சள்தான்," என்றான் ரூபன். "அவரு எப்பவும் மஞ்சள்தானே."

அவனுக்குப் பின்னால், சாம்பல் நிறச் சட்டையில், அல்போன்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.