பஜ்ஜி மணத்த ஜீப்

காவிரி மேல ஆணை, இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மிச்சப் பல் மூன்றும் உதிரட்டும். குளித்தலைப் பக்கம் புங்க எண்ணெயை டீசலாக்கும் கூடம் ஒன்று. அங்கே கூட்டிப் பெருக்கும் மருதாயி, வெளிநாட்டு வினையூக்கி தீர்ந்துபோன சமயம், வாழைத்தோல் சாம்பலைப் போட்டே டீசல் எடுத்துவிட்டாள்.

மறுநாள் திருச்சியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய இயக்குநர் தனஞ்செயன், மீசையில் பஜ்ஜித் தூளோடு சீறினார்.

"பாத்திரம் தேய்க்கிற சாம்பல்ல டீசலா? அதுல ஒரு வண்டி பத்து கிலோமீட்டர் ஓடட்டும், உன் வேலையை நிரந்தரமாக்குறேன். ஓடலைன்னா இன்னியோட நின்னுக்க."

"அறுபது ஓடியிருந்தா போதுங்களா ஐயா?"

"எந்த வண்டி?"

"நீங்க இப்ப இறங்கினதுதானுங்க. டிரைவர் அண்ணன் நேத்து இங்க இதைத்தான் ஊத்திக்கிட்டுப் போனாரு."

"பொய். எனக்குத் தெரியாமப் போயிருக்குமா?"

டிரைவர் சவரிமுத்து தலையைச் சொறிந்தார். "பஜ்ஜி வாசனை வருதுன்னு வழியில நாலு கடையில நிறுத்தச் சொன்னீங்களே சார். மூணுல அடுப்பே பத்த வைக்கலை. வாசனை நம்ம ஜீப்போட எண்ணெய்ப் புகையிலேர்ந்து வந்துச்சு."

இயக்குநர் மீசையைத் துடைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த நாலாவது கடை என்னுடையது. மனுஷன் இன்னமும் தினம் பஜ்ஜிக்கு வந்து நிற்கிறார்.