கீரை வாங்க வந்த ஆடு

புளியந்தோப்பில் மூன்று பேர் வேலையில்லாமல் இருந்தார்கள். வேலையில்லாமல் இருப்பதையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால், அதுவும் இல்லை. மோசஸ் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசல் காவலுக்கு இருந்தவன். வீட்டுச் சொந்தக்காரரையே நிறுத்தி, அவர் வீட்டுக்கே இண்டர்காமில் கூப்பிட்டு, யாரும் எடுக்கவில்லை, வீட்டில் ஆள் இல்லை போங்க என்று திருப்பி அனுப்பினான். லோகு தண்ணீர் லாரிக்கு டோக்கன் கொடுத்தவன். லாரி வராத நாளிலும் விடாமல் கொடுத்ததால் விலக்கிவிட்டார்கள். மூன்றாவது ஆள் டில்லிபாபு. கதையில் அடிபடப்போவது இவன்தான், பாவம்.

டில்லிபாபுவுக்கு எதிர்த்தெரு தேன்மொழி என்றால் உயிர். அவளுக்கும் இவனைப் பிடித்திருந்தது. ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் அப்பா நாகப்பன் முப்பத்திரண்டு வருஷம் ரெக்கார்டு கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இல்லாத எதையும் நம்பமாட்டார். பெண் கேட்டுப் போனவனிடம் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"ஏதாவது ஒரு தொழில் தெரியும்னு சர்டிபிகேட் கொண்டா. ஆவணி பொறக்கறதுக்குள்ள கொண்டா. இல்லேன்னா பெரம்பூர் மாப்பிள்ளைக்கு சரின்னு சொல்லிடுவேன்."

அந்தச் சமயம் பார்த்து, வேலையில்லாத பட்டணத்துப் பிள்ளைகளுக்கு விவசாயமும் சிறுதொழிலும் சொல்லித்தரும் பயிற்சி ஒன்று மதுராந்தகம் தாண்டி ஒரு பண்ணையில் நடப்பதாகத் தெரிந்தது. நாற்பது நாள், தங்க இடம், மூன்று வேளை சாப்பாடு, கடைசியில் சர்டிபிகேட். டில்லிபாபு ஓடிப்போய்ச் சேர்ந்தான். அவனைத் தனியாக அனுப்ப மனசு வராமல் மற்ற இருவரும் சேர்ந்தார்கள். தனியாக விட்டிருந்தால் அவன் ஒருவேளை பிழைத்திருப்பான்.

பயிற்சி கொடுத்த சுலோச்சனா மேடம் தங்கமான மனுஷி. மூவருக்கும் சேர்த்து ஒரு பாத்தி ஒதுக்கினார். அதில் முளைக்கீரை போட்டு வளர்த்து விற்கவேண்டும். கடைசி நாள் அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுவார். எல்லாச் செடிக்கும் தண்ணீர் சமமாகப் போகணும் என்று மட்டும் மேடம் அழுத்திச் சொன்னார்.

சமம் என்ற சொல் காதில் விழுந்ததும் லோகு எழுந்து நின்றுவிட்டான். கீரை முளைத்த அன்றே பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து அட்டையை வெட்டி டோக்கன் எழுத ஆரம்பித்தான். அறுநூற்றுப் பதினான்காவது செடியில் அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"குடும்பத்துக்கு ஒரு குடம்ங்கறது சட்டம். இதுல ஒரு செடி ஒரு குடும்பமா, இல்ல மொத்தப் பாத்தியும் ஒரே குடும்பமா?"

"எல்லாம் ஒரே பாக்கெட் விதைடா," என்றான் மோசஸ். "அண்ணன் தம்பிங்க. கூட்டுக்குடும்பம்."

"அப்ப மொத்தத்துக்கும் ஒரு குடம். கல்யாணம் ஆயி தனிக்குடித்தனம் போனா அப்ப தனி டோக்கன் குடுக்கலாம்."

"எங்கடா கல்யாணம் ஆவறது. இருபத்தஞ்சு நாள்ல புடுங்கிடுவோம்."

கல்யாணம் என்ற பேச்சைக் கேட்டதும் டில்லிபாபு ஆவணிக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். ஆக, ஒரு பாத்திக்கு ஒரு குடம் என்று தீர்மானமானது. அந்த வாரமே நல்ல மழை பிடித்துக்கொண்டது. மழைக்கு டோக்கன் முறை தெரியாததால் கீரை தளதளவென்று வந்துவிட்டது.

அடுத்தது வியாபார வகுப்பு. வாங்க வருகிறவரிடம் வாதாடக்கூடாது என்றார் மேடம். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. மனசு நிறைந்து போகிறவர் மறுபடி வரும்போது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார். யார் வந்தார், என்ன எடுத்தார் என்பதையெல்லாம் ரெஜிஸ்டரில் எழுதிவைக்கவேண்டும். ரெஜிஸ்டர் என்று கேட்டதும் மோசஸுக்குக் கண் கலங்கியது. பழைய வேலையை நினைத்திருப்பான்.

அதிகாரி வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை பத்து பத்துக்கு, வேலி இடுக்கு வழியாக ஒரு செம்மறியாடு உள்ளே வந்தது. மோசஸ் அதை நிறுத்திப் பெயர் கேட்டான். அது சொன்னதை எழுதிக்கொண்டான். வந்த காரியம் என்ற இடத்தில் கீரை என்று எழுதினான். கையெழுத்துக்கு முன்னங்காலை மையில் தோய்த்து ஒரு ஒற்று ஒற்றிக்கொண்டு உள்ளே விட்டான்.

டில்லிபாபுவுக்கு எங்கேயோ இடித்தது. "டேய், அது ஆடுடா. துரத்தணும்."

"வாங்க வந்தவங்களைத் துரத்தறதா? மேடம் இன்னா சொன்னாங்க?" என்றான் லோகு.

"அது வாங்க வரல. திங்க வந்துக்கீது."

"வாங்கறவங்க எதுக்கு வாங்கறாங்க? திங்கத்தானே?"

டில்லிபாபு வெகுநேரம் யோசித்தான். அதற்குள் ஆடு கால் பாத்தியை முடித்துவிட்டது.

மறுநாள் அதே ஆடு மறுபடியும் வந்தது. கூடவே இன்னும் சில ஆடுகள். லோகு எண்ணினான், மறுபடியும் எண்ணினான். சரியாக நாலு. மூவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. படித்தவங்க படித்தவங்கதான் என்று மேடம் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் பாத்தியில் மண் மட்டும் மிச்சம் இருந்தது.

அதிகாரி வந்தார். காலிப் பாத்தியைப் பார்த்த சுலோச்சனா மேடம் தலையில் கைவைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். டில்லிபாபு கண்ணில் பெரம்பூர் மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு தெரிந்தான். ஆனால் அதிகாரி பாத்தியைப் பார்க்கிற ஆள் இல்லை, படிவத்தைப் பார்க்கிற ஆள். சரக்கு மிச்சம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அழுகி வீணானது? ஒரு இலைகூட இல்லை. வாங்கினவர்கள் திரும்ப வந்தார்களா? மோசஸ் ரெஜிஸ்டரை நீட்டினான். முதல் நாள் ஒருவர், மறுநாள் அதே ஆள் நாலு பேரோடு. இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒரு குழுவைப் பார்த்ததில்லை என்று சொல்லி அதிகாரி மூன்று சர்டிபிகேட்டிலும் கையெழுத்துப் போட்டு, சீல் குத்திக் கொடுத்தார். மேடம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். சொன்னால் இந்த மூன்று பேரையும் அடுத்த நாற்பது நாளும் வைத்துக்கொள்ளவேண்டி வரும் என்று தோன்றியது. வாயை மூடிக்கொண்டார்.

மற்ற இருவரும் சர்டிபிகேட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்கள். டில்லிபாபு மட்டும் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தேன்மொழியை நினைத்து, கண்ணை மூடி அழுதான். சந்தோஷ அழுகைதான். அந்த நேரத்தில் ஆடு மூன்றாம் தரமாக வந்தது. பாத்தியில் ஒன்றும் இல்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் கூடாது. டில்லிபாபு கண்ணைத் திறந்தபோது அவன் கையில் ஒரு மூலை மட்டும் இருந்தது. அதையும் ஆடு கேட்டு வாங்கிக்கொண்டது. எடுத்துச்சென்ற பொருள், சர்டிபிகேட் ஒன்று என்று மோசஸ் நேரத்தோடு எழுதி, காலடி ஒற்றிக்கொண்டான்.

"போச்சேடா. ஆவணி பொறக்க ரெண்டே நாள். எல்லாம் போச்சே," என்று டில்லிபாபு மண்ணில் புரண்டான்.

"எங்க போச்சு? ஆட்டுக்குள்ளதான் கீது," என்றான் மோசஸ். "வெளிய வந்திருந்தா நான் எழுதியிருப்பேனே."

இதில் இருந்த நியாயம் டில்லிபாபுவுக்குப் புரிந்தது. பக்கத்துக் கொல்லையில் ஆட்டுக்காரி அஞ்சலையிடம் போய், ஒரே ஒரு நாள் ஆட்டைக் கொடு என்று கெஞ்சினார்கள். எதற்கு என்று அவள் கேட்க, இவர்கள் சொல்ல, அவள் சிரித்துச் சிரித்துப் பேச முடியாமல் கையாலேயே கூட்டிப் போங்க என்று காட்டினாள். காய்கறி ஏற்றிக்கொண்டு பட்டணம் போகும் வண்டியில் ஆட்டை ஏற்றி, நாலாவது ஆளாக உட்காரவைத்து, மறுநாள் காலையில் நாகப்பன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

நாகப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டில்லிபாபு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். சொல்லும்போது இரண்டு இடத்தில் குரல் உடைந்தது. நாகப்பன் ஆட்டைப் பார்க்கவில்லை. மோசஸ் கையோடு கொண்டுவந்திருந்த ரெஜிஸ்டரை வாங்கி முதல் வரியிலிருந்து படித்தார். தேதி, நேரம், பொருள், காலடி, எல்லாம் இருந்தது. அடித்தல் திருத்தல் இல்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு சுத்தமான பதிவை அவர் பார்த்ததில்லை. அப்புறம்தான் ஆட்டின் பக்கம் திரும்பினார்.

"லேமினேஷன் பண்ணியிருக்கலாமே?"

"பண்றதுக்குள்ள சாப்டுடுச்சு சார்."

"சரி. ஒரிஜினலை நான் வாங்கி வெச்சுக்க முடியாது, அது ஊரார் ஆடு. திருப்பிக் குடுத்துடு. எனக்கு ஒரு ஜெராக்ஸ் போதும். வெள்ளிக்கிழமை தட்டு மாத்திக்கலாம்."

டில்லிபாபு அவர் காலில் விழுந்தான். அவசரத்தில் ஆட்டின் காலிலும் விழுந்தான். கதவுக்குப் பின்னால் தேன்மொழி துப்பட்டாவை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள்.

தெருமுனை ஜெராக்ஸ் கடையில் வரிசை இல்லை. மூவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டைத் தூக்கி மெஷின் கண்ணாடிமேல் படுக்கவைத்தார்கள். கடைக்காரர் தலை நிமிராமல் தாளை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா?"

டில்லிபாபு ஆட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தான்.

"ரெண்டு பக்கமும் போட்டுடுங்கண்ணே. சீல் எந்தப் பக்கம் கீதுன்னு தெரியல."