மூன்று பேரும் சம்மதித்த வாய்க்கால்

ஒரு காட்டுக் குளத்தின் கரையில் வாரச்சந்தை கூடும். கிழங்கு, தேன், தினை, நாவற்பழம் எல்லாம் கைமாறும். ஆனால் குளத்தில் தண்ணீர் இருக்கும் வரைதான் சந்தை. கோடையில் குளம் வற்றினால் வெளிக்காட்டு மிருகங்கள் எட்டிப் பார்க்காது. ஊரே பட்டினி கிடக்கும்.

அந்தக் குளத்தில் ஒரு விரால் மீன் இருந்தது. அந்த வருஷம் அதற்குச் செக்கச் சிவந்த குஞ்சுகள், நூற்றுக்கும் மேலே! கரை மரத்து மைனாவும் விராலும் உயிர்ச் சிநேகிதிகள்.

“அக்கா, தண்ணி குறையுதே!” என்றது விரால். “நான் சேத்துல புரண்டாவது ஓடை மடுவுக்குப் போயிடுவேன். இந்தப் பொடிசுங்க எப்படி வரும்?”

மைனாவுக்கு மனசு கேட்கவில்லை. நேரே ஊர்த்தலைவி யானையிடம் பறந்தது.

“தாயி, மலையோடைத் தண்ணியைக் குளத்துக்குத் திருப்பிடலாம்! வருஷம் முழுக்கச் சந்தை கூடும்!”

“நல்ல யோசனைதான்,” என்றது யானை. “ஓடையை மறிக்கிற பாறையை நான் உருட்டுறேன். ஆனா தண்ணி வர மூணே வழி. பன்றியோட கிழங்குக் கொல்லை, எருமையோட சேத்துக்குழி, கீரியோட வளைமேடு. அதுல ஏதாவது ஒண்ணு வழியாத்தான் வாய்க்கால் வெட்டணும். எது வழியான்னு மூணு பேரும் ஒத்துக்கணும், பேசிச் சம்மதிக்க வை.”

மைனாவின் பேச்சைப் பற்றிக் கேட்கவா வேண்டும்! வாயைத் திறந்தால் தேன் சொட்டும்.

பன்றியிடம் போய், “அண்ணே, உங்க கொல்லைக்கு ஒண்ணும் ஆகாது! வாய்க்கால் எருமை பக்கம்தான் போகுது,” என்றது.

“அப்படின்னா தாராளமா வெட்டுங்க!” என்றது பன்றி.

எருமையிடம், “கீரி மேட்டு வழியாப் போகுது, மதினி!” என்றது. எருமையும் தலையாட்டியது.

கீரியிடம், “பன்றியண்ணன் கொல்லை வழியா!” என்றது. கீரிக்கு ஒரே குஷி.

ஒரே காலையில் மூன்று சம்மதம்! இப்படிக் காரியம் சாதிப்பவர்கள் நம் ஊரிலும் உண்டு, பெயர் சொல்லி எதற்கு வம்பு? ‘வேலை தொடங்கட்டும், அப்புறம் சமாளிச்சுக்கலாம்’ என்று நினைத்தது மைனா.

மறுநாள் ஊரே கூடியது. யானை பாறையில் நெற்றியை வைத்துக்கொண்டு, “எந்தப் பக்கம் வெட்டணும்?” என்று கேட்டது.

பன்றி எருமையைக் காட்டியது. எருமை கீரியைக் காட்டியது. கீரி பன்றியைக் காட்டியது. பிறகு மூன்றும் மைனாவைப் பார்த்தன.

“அடிப் பாவி! எங்களை முட்டாளாக்கிட்டியே!” என்று சீறியது கீரி.

“ஒரு ஓரம் குடு அண்ணேன்னு நேராக் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே!” என்றது பன்றி. “இனி ஒரு பிடி மண்ணைத் தொட விடமாட்டேன்!”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். யானை பாறையை விட்டுத் திரும்பிப் போய்விட்டது.

மைனா மறுபடி மூன்று பேரிடமும் பறந்தது. இந்த முறை உண்மையைத்தான் சொன்னது. “விரால் குஞ்சுங்க சாகுதுங்க! நம்புங்க!”

“இது அடுத்த கதையா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது எருமை. மற்ற இரண்டும் காதிலேயே வாங்கவில்லை.

குளம் ஒரு குட்டையாகிவிட்டது.

“நீயாவது போயிடு தங்கச்சி!” என்று கெஞ்சியது மைனா.

“பெத்ததை விட்டுட்டா?” என்றது விரால்.

மைனா ஓடைக்கும் குளத்துக்குமாகப் பறந்து அலகில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது. ஐயோ, அது சேற்றை நனைக்கக்கூடப் போதவில்லை.

ஒன்பதாம் நாள் பன்றி தண்ணீர் குடிக்க வந்தது. வெடித்த சேற்றில் விரால் கிடந்தது. அதைச் சுற்றிச் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள். ஒன்றிலும் உயிர் இல்லை.

“நிஜமாத்தான் சொன்னியா?” என்று கரையில் இருந்த மைனாவிடம் கேட்டுப் பன்றி ஓவென்று அழுதது. அன்றைக்கே தன் கொல்லையின் நடுவே தானே முட்டித் தோண்டியது. யானை பாறையை உருட்டியது. தண்ணீர் வந்தது. சந்தையும் கூடியது.

குளம் நிறையத் தண்ணீர்தான். அதில் மைனாவை “அக்கா” என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

ஊருக்கு நல்லது செய்யப் புறப்படுகிறவர் யாருக்கு என்ன இழப்பு என்பதை முதலிலேயே சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். பொய் சொல்லி வாங்கிய சம்மதம் கைகொடுக்காது, அதற்குப் பின் சொல்லும் உண்மையும் எடுபடாது.