புதுப் பிராணியின் வரைபடம்

குருவுக்கு வயது முப்பத்தைந்து, சீடனுக்கு நாற்பத்தொன்று. அங்கேயே பாதிச் சந்தேகம் தொடங்கிவிட்டது.

சீடன் குணாளன் தேவாங்கு ஆராய்ச்சிக்காரன். ராத்திரி ஜீப்பில் மெல்லப் போய், டார்ச் அடித்து, மரத்தில் மின்னும் கண்களைத் தேடுவது அவன் வேலை. கண்ட இடங்களைக் கணினியில் ஏற்றி, மலை முழுக்க எங்கெங்கே தேவாங்கு வாழும் என்று கணித்து வரைபடம் போட்டிருந்தான். சிவப்பு என்றால் உண்டு, வெள்ளை என்றால் இல்லை. சிவப்பைக் காப்பாற்றுவார்கள். வெள்ளையைக் கல் குவாரிக்குக் கொடுப்பார்கள். மறுநாள் காலை ஆட்சியர் அலுவலகத்தில் முடிவு. அவன் குரு, பேராசிரியர் செண்பகவல்லியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்" என்றார்.

இவருக்கு இதில் என்ன லாபம்? தன் பெயரை முன்னால் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாரா? குவாரிக்காரன் எவனாவது வந்து பேசிவிட்டுப் போனானா? குணாளன் மேசையருகே நெருங்கி நின்றான்.

"மேடம், என்ன குறைன்னு சொல்லிடுங்க."

"கணக்குல குறை இல்லை. நம்ம ஜீப் போன தடம் உங்ககிட்ட இருக்கா?"

"ஜி.பி.எஸ்.ல இருக்கு. எதுக்கு?"

"கொடுங்க. மதியம் வாங்க."

மதியம் மேசையில் ஒரு வரைபடம் கிடந்தது. கிழக்குச் சரிவு சிவப்பு, ஓடையோரம் சிவப்பு, மேற்குச் சரிவு முழுக்க வெள்ளை. மேலே செண்பகவல்லியின் பெயர். நான் நினைத்தது சரியாய்ப் போயிற்று என்று குணாளன் பல்லைக் கடித்தான்.

"இது என்னோட மேப் மேடம்."

"இல்லை, நான் இன்னைக்குப் போட்டது. இது வேற பிராணி."

"எந்தப் பிராணி?"

"நம்ம ஜீப். அது போன தடத்தை உங்க கணக்குலயே ஏத்தினேன்."

அவன் நம்பவில்லை. தன் வரைபடத்தை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சிவப்போடு சிவப்பு அப்படியே பொருந்தியது.

"மேற்கே ஒரு தேவாங்குகூடக் கண்ணுல படலையே மேடம்."

"மேற்கே போனீங்களா?"

"பாதை இல்லை. ஜீப் ஏறாது."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"நாளைக்கு வெள்ளையைப் பார்த்தாங்கன்னா மலையை உடைச்சிடுவாங்களே."

செண்பகவல்லி பேனாவைத் திறந்தார். அவன் வரைபடத்தில் மேற்குச் சரிவு முழுவதையும் நீல மையால் நிதானமாகக் கிறுக்கி நிரப்பினார். பிறகு கீழே கையெழுத்துப் போட்டார்.

"இது என்ன நிறம்னு கேட்டா என்ன மேடம் சொல்றது?"

"நாம போகாத நிறம்னு சொல்லுங்க."